என் பூட்டியின் பேர் இருக்கும் புத்தகத்தைத் திறந்துவிடுங்கள்

பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தினருக்கும், பெருந்தோட்டத்துறைக்குப் பொறுப்பான அமைச்சுக்கும், தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும்,

வணக்கம்.

இலங்கைத் தோட்டங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய செக்ரோல் புத்தகங்களையும் (தொழிலாளரின் அன்றாட வேலைப் பதிவு) பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் அழியவிடாமல் காத்து, அங்கே உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதை என் பூட்டியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அம்மாயியின் அம்மா அவர். திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மழை பொய்த்த வருஷம், தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணியின் ஆட்களோடு கிளம்பியவர். மண்டபம் முகாமில் தங்கவைத்து, அம்மை குத்தி, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்களாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டதால் அவருக்கு ரயிலும் கப்பலும் வாய்த்தன. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்கு மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழி நடைதான். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்கு ஒரு நடுகல்லும் கிடையாது.

கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் வந்தார்கள், பறித்துக் கொடுத்தார்கள், ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைநோய் பரவத் தொடங்கி, கோப்பி அழிந்து, அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலை வருஷம் முழுக்கத் துளிர்க்கும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிலைத்தார்கள். மலையகம் ஊரானது பெண்கள் வந்ததால்தான் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் குடியேற்ற வரலாறு என்று எழுதினால் துரைமார் பேர் வரும், மிஞ்சினால் பெரிய கங்காணி பேர் வரும், அதோடு சரி.

பூட்டி விடியுமுன்னே தப்புச் சத்தத்துக்கு எழுந்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நின்று, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு மலை ஏறியவர். 1929இல் சட்டம் வகுத்த கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைக்கும் கூலி வகுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் வேலைக் கணக்குக்குப் பேர் என்று பெயர். கொழுந்து குறைந்தால் அது பாதியாகி அரைப்பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது 1984இல். அதைப் பார்க்கப் பூட்டி இல்லை.

அம்மாயி இந்த மண்ணில், லயத்து அறையில் பிறந்தவர். இருந்தும் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. அந்தச் சட்டம் கேட்டது தகப்பன் எங்கே பிறந்தான், தகப்பனைப் பெற்ற பாட்டன் எங்கே பிறந்தான் என்றுதான். பெற்றவள் எங்கே பிறந்தாள், எத்தனை வருஷம் கொழுந்தெடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. அம்மாயியின் தம்பிமார் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். அம்மாயி இங்கேயே இருந்துவிட்டார். பூட்டியைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்த குடும்பம் இப்படிக் கடலின் இரு கரைக்கும் சிதறியது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதை வைத்துப் பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். எங்கள் ஆட்களின் கணக்கோ கங்காணியின் கடன் கணக்குக்குள் புதைந்துபோனது. எங்களுக்கு மிஞ்சியது தோட்டத்துப் புத்தகங்கள்தான்.

அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தோட்டத்தின் களஞ்சிய அறையில், கரையான் தின்றது போக மிஞ்சிய செக்ரோல். ஓரம் பொடிந்த தாளில் வரிக்கு ஒரு ஆளின் பெயர், நாளுக்கு ஒரு கட்டம். ஒரு பெண்ணின் வரியில் நாள் தவறாமல் பேர் விழுந்திருக்கிறது. திடீரென்று நிற்கிறது. சில வாரம் வெறும் கட்டங்கள். பிறகு அரைப்பேர், அரைப்பேர், கடைசியில் முழுப்பேர். பிள்ளை பெற்றிருக்கலாம், காய்ச்சலில் கிடந்திருக்கலாம். பிறப்புப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்தால் எது என்று தெரிந்துவிடும். எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காத ஒரு பெண்ணின் வாழ்க்கை இவ்வளவு துல்லியமாக வேறு எங்கே பதிவாகியிருக்கிறது, சொல்லுங்கள்.

தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து எழுபதுகளில் அரசுக்குப் போய், 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் இயந்திரத்தையும் மரத்தையும் எண்ணி வாங்கியிருப்பீர்கள். பழைய புத்தகங்களை யார் எண்ணினார்கள்?

இவற்றைக் காட்டினால் காணி கேட்பார்கள் என்று சிலர் தயங்கலாம். காணி கேட்கத்தான் செய்வோம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது தனிப் பேச்சு. பூட்டி எந்தத் தேதியில் பேர் பதிந்தார், எத்தனை பிள்ளை பெற்று எத்தனையைப் பறிகொடுத்தார் என்று அறிவது குடும்பத்தின் உரிமை.

கம்பனிகள் செய்ய வேண்டியது, எந்தத் தோட்டத்தில் எந்த வருஷத்துப் புத்தகம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரிப்பது, அதுவரை ஒரு தாளையும் எரிக்காமலும் எடைக்குப் போடாமலும் இருப்பது. அமைச்சு அதைச் சுற்றறிக்கையாகவே அனுப்பலாம். சுவடிகள் திணைக்களம் ஆட்களை அனுப்பிப் படமெடுத்து, மலையகத்துக்குள்ளேயே ஒரு நூலகத்தில் பிரதி வைக்க வேண்டும். ஒரு நாள் பேரை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறக் கொழுந்துக்காரியால் முடியாது. பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும். அவற்றை வாசித்துச் சரிபார்க்க எங்கள் பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் நானும் வருகிறோம். எந்தத் தோட்டத்தில் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்து ஆசிரியை ஒருவர்