தட்டோன் சின்ன அப்பத்தாவுக்கும் எனக்காக ஓடிய எல்லோருக்கும்

பர்மாவில் ரங்கூன், தட்டோன், இந்தியாவில் சென்னை என்று மூன்று ஊரிலும் எனக்காக அலைந்த உறவுகளுக்கு வணக்கம்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம். கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை எல்லாம் எடுத்தாயிற்று. நேற்றுதான் தெருமுனைக் கடைக்கு நானே நடந்துபோய் மொய்ங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டேன். உட்கார்ந்து எழுதும் தெம்பும் வந்துவிட்டது.

43 வயதில், இரண்டு தூரத்துக்கு (மாதவிலக்குக்கு) நடுவே ரத்தம் பட்டது. முதலில் பார்த்த டாக்டர், நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காதான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இன்னொரு டாக்டர் முன்னால் உட்கார வைத்தார். கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சுரண்டிச் சோதித்ததில் புற்றுநோய். அக்கா, அன்றைக்கு நீங்கள் இழுத்த இழுப்புக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

எடுத்த சதையில் ஒரு துண்டை மெழுகில் பதித்துத் தந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. பழனிக்குப் புறப்பட்ட அண்ணன் அதைப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, உருகிவிடுமோ என்று பயந்து சென்னை வரை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனார். அங்கே சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். செல் பெருகும்போது மரபணுவில் விழும் பிழையைத் திருத்துகிற எம்எஸ்எச்2 புரதம் அந்தத் துண்டின் புற்றுச் செல்களில் இல்லவே இல்லை. பிறகு நானே போய் ரத்தம் கொடுத்தேன். லிஞ்ச் நோய்க்குறி என்று உறுதியானது. கர்ப்பப்பை, சினைப்பை, பெருங்குடல் எதில் வேண்டுமானாலும் புற்று வைக்கக்கூடிய பரம்பரைக் கோளாறு.

அம்மா வழியில் யாருக்கும் இல்லையே என்றேன். கர்ப்பப்பைப் புற்று பெண்களுக்கு வருகிற நோயானாலும் இந்தக் கோளாறு அப்பா வழியாகவும் இறங்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் மரபணு ஆலோசகர். மூன்று தலைமுறைக் கணக்குக் கேட்டார்.

1964-இல் பாதிக் குடும்பம் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. யாரைக் கேட்பது? 90 வயதுச் சின்ன அப்பத்தாவுக்குப் போன் போட்டேன். "எங்கக்காவுக்குத் தூரம் நின்ன பெறகும் ரத்தம் போயிக்கிட்டே இருந்துச்சு, 52 வயசுல போயிட்டா. பெரியண்ணனுக்குக் குடல். அவரு மூத்த மக 38 வயசுல, அதுவும் குடலுதான்." வயசு முதற்கொண்டு பிசகாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே எழுதியதில் தாளெல்லாம் நனைந்துவிட்டது. 1895-இல் அமெரிக்காவில் ஒரு தையற்காரப் பெண், தன் குடும்பத்தார் போலத் தானும் வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்து சாவேன் என்று டாக்டர் வார்தினிடம் சொன்னாராம். இந்த நோயைக் கண்டறிந்த கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்பத்தா, அவர் பக்கத்தில் உங்களை உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தங்கை சோதனைக்குச் சம்மதித்தாள். அவளுக்கும் இருக்கிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, புற்றாக மாறும் முன்பே இரண்டு சதை முளைகளை எடுத்துவிட்டார்கள்.

அப்பத்தாவின் பெரியண்ணனுடைய மற்றப் பிள்ளைகள் வியாசர்பாடியில் குடியேறினார்கள் என்பதோடு தடம் நின்றுபோனது. தட்டோனில் வெற்றிலைக் கடை வைத்திருந்த குடும்பம். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்பத்தா சொல்லி எழுதிய தாளில் அவர்களுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

ரங்கூனிலிருந்து,
உங்கள் பேத்தி