வான் டெர் லெக்கின் தொழிலாளர்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. நெதர்லாந்துப் பயணம் உறுதியானதில் ரொம்ப மகிழ்ச்சி. டச்சு ஓவியர் பார்ட் வான் டெர் லெக், சக ஓவியர் மாண்ட்ரியனைப் பார்த்து வரைந்தவர் என்று எழுதியிருந்தாய். நடந்தது நேர்மாறு. இருவரும் 1916இல் லாரன் என்ற ஊரில் சந்தித்தபோது, தட்டையான பரப்பும் கலப்பில்லாத நிறமும் லெக்கின் கையில் ஏற்கெனவே படிந்திருந்தன. லெக்கின் அந்த முறை தன் பாணியை மாற்றியது என்று மாண்ட்ரியனே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் தட்டைத்தனம் எங்கிருந்து வந்தது? பட்டறையிலிருந்து. 1876இல் உட்ரெக்டில் பிறந்த லெக், பதினைந்து வயதிலிருந்தே அங்குள்ள வண்ணக் கண்ணாடிப் பட்டறைகளில் வேலை பார்த்தார். ஓவியப் படிப்பெல்லாம் அதற்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமில். கண்ணாடியில் ஒரு துண்டுக்கு ஒரு நிறம். அடுத்த துண்டுக்கும் அதற்கும் நடுவே ஈயப்பட்டி. நிழலைக் குழைத்துக் காட்ட அதில் இடம் குறைவு. அந்தக் கண்ணோடு ஆலை வாசலைப் பார்த்தால், சீருடை போட்ட உடம்பு ஒரே நிறத்தில் வெட்டிய துண்டாகத்தான் தெரியும். 1911, 1912இல் அவர் வரைந்த படைவீரர்களும் இப்படித்தான். சட்டை மடிப்பு கிடையாது. முகம் பக்கவாட்டில் அல்லது நேராக. கால்கள் ஒரே தாளத்தில்.

ஆலை விட்டு ஆட்கள் வெளியேறும் காட்சியை 1910இல் கனத்த கோட்டோடு வரைந்தார். உணர்ச்சி வேகத்தில் அதுதான் எனக்கு முதலிடம். ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்துப் படம் அது. பிரதான கட்டடம் புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறது. படம் பக்கத்திலுள்ள சேமிப்புக் கட்டடத்தில் பார்வைக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

அதே கருவை 1917இல் மறுபடி எடுத்தபோது ஆட்கள் வெள்ளைத் தளத்தில் சிதறிய சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டைகளாகிவிட்டார்கள். முதலில் ஆளை வரைவார். பிறகு உருவத்தை இணைக்கும் இடங்களை வெள்ளையால் மூடிக்கொண்டே வருவார். சும்மா கட்டம் போட்டு நிரப்பிய படம் இல்லை. அதனால்தான் கட்டைகளுக்கு நடுவே நடை தெரிகிறது. ஸ்பெயின், அல்ஜீரியச் சுரங்கங்களுக்கு 1914இல் போய் எடுத்த குறிப்புகளிலிருந்து பிறந்த மூன்று பலகைப் படம் ஹேக் நகரத்து குன்ஸ்ட்மியூசியத்துடையது. நடுப்பலகை கறுப்பு, இரு பக்கமும் வெள்ளை. அதன் முன்னால் நிதானமாக நில்.

லெக்கின் படங்கள் உள்ள ஒட்டர்லோ என்ற ஊருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கு. க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் பூங்காவுக்கு ஒரு சீட்டு, அருங்காட்சியகத்துக்கு ஒன்று. வாசலில் வெள்ளை சைக்கிள் இலவசம். திங்கட்கிழமை போகாதே, மூடியிருக்கும்.

லெக் படங்களின் அந்தப் பளபளப்பில்லாத மேற்பரப்பு எப்படி வருகிறது என்று கேட்டிருந்தாய். 1912 தொடங்கிச் சில வருடம் அவர் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பலகையில் கேசீன் (பாலில் இருக்கும் புரதம்) கலந்த வண்ணம் பூசினார். பலகையை நீ பின்பற்ற வேண்டாம். அறுத்தாலும் தேய்த்தாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பிளைவுட் போதும், ஆனால் விறைப்பாக இருக்க வேண்டும். கேசீன் காய்ந்தால் வளையாது. தொய்கிற கேன்வாஸில் போட்டால் விரிசல் நிச்சயம்.

50 கிராம் கேசீன் பொடியை 250 மில்லி குளிர்ந்த நீரில் இரவு ஊறவை. காலையில் 20 கிராம் வெண்காரத்தை (போராக்ஸ்) 250 மில்லி வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறு. கட்டியெல்லாம் கரைந்து தேன் பதத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வண்ணப்பொடியை முதலில் தண்ணீரில் குழைத்துக்கொண்டு அப்புறம்தான் இதைச் சேர்க்க வேண்டும். கேசீன் கூடினால் பூச்சு மினுங்கும், பிறகு செதில் செதிலாக உரியும். குறைந்தால் விரலில் பொடி ஒட்டும். ஒரு துண்டுப் பலகையில் பூசி, காய்ந்தபின் தேய்த்துப் பார்த்துவிடு. ஈரத்தில் கருத்துத் தெரிவது காய்ந்ததும் வெளிறும்; ஈரத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதே. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை போடு. தடித்த ஒற்றைப் பூச்சு தன் இறுக்கத்திலேயே அடித்தளத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். தூரிகையை உடனே கழுவு. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் நாறிவிடும்.

ஒட்டர்லோவில் 1916இன் துறைமுக வேலைப் படம் தொங்கினால், ஓரமாக நின்று சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளையைப் பார். தீற்றல் எந்தப் பக்கம் ஓடுகிறது, நிறக் கட்டையின் விளிம்பில் மேலே ஏறியிருப்பது எது என்று சின்னதாக ஒரு படம் போட்டு எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்