ஆண்டைச் சொன்னால் போதுமா?

ரோமானியக் கல்லறைகளுக்கு அறிவிப்புப் பலகையும் வழிகாட்டிக் குறிப்பும் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். எந்தக் கல்லறையானாலும் ‘கி.மு. முதல் நூற்றாண்டு’, ‘கி.மு. 30 வாக்கில்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். அந்த ஆண்டு எப்படித் தெரிந்தது என்பதுதான் சுவையான பகுதி. அதை ஏன் விடுகிறீர்கள்?

ரோமில் செஸ்டியஸ் என்பவரின் கல்லறையாக நிற்கும் செஸ்டியஸ் பிரமிடையே பாருங்கள். உள்ளே கான்கிரீட், வெளியே வெள்ளைப் பளிங்கு, உயரம் 36 மீட்டருக்கு மேல். 330 நாளில் கட்டி முடித்ததாக அதன் மேலேயே வெட்டியிருக்கிறார்கள். எந்த ஆண்டு என்று மட்டும் சொல்லவில்லை. அதற்குத் துப்பு தருபவை 17ஆம் நூற்றாண்டில் அங்கே தோண்டியெடுத்த சிலைப் பீடங்கள். அவற்றில் உள்ள செஸ்டியஸின் வாரிசுகளின் பட்டியலில், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் தளபதியான அக்ரிப்பாவின் பெயர் இருக்கிறது. அவர் இறந்தது கி.மு. 12இல். ஆக, செஸ்டியஸ் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லறைக்குள் பொன்சரிகைத் துணிகளை வைக்க அதிகாரியின் ஆணை இடம்தரவில்லை, அவற்றை விற்ற காசில் சிலை செய்தோம் என்றும் அதே பீடங்கள் சொல்கின்றன. (துணி போய்ச் சிலை வந்தது, ஆடம்பரம் குறைந்தபாடில்லை!) இந்தத் தடையை அகஸ்டஸ் கி.மு. 18இல் கொண்டுவந்த ஆடம்பரத் தடைச் சட்டத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். அப்படி வந்ததுதான் ‘கி.மு. 18–12’. இதில் பின் எல்லையான 12 உறுதியானது, முன் எல்லையான 18 ஊகம். படிப்பவருக்கு அது தெரிய வேண்டாமா?

ரோமின் பழைய நகர வாயிலான போர்ட்டா மஜ்ஜோரே அருகில் உள்ள ரொட்டிக்காரர் யூரிசாசஸின் கல்லறைக்கு இந்த வசதி இல்லை. கல்வெட்டு அவர் பெயரையும் தொழிலையும் சொல்கிறது, அவ்வளவுதான். சிற்ப பாணி, எழுத்தின் வடிவம், கட்டிய முறை இவற்றை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அதனால் அங்கே பத்து இருபது ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்று தயங்காமல் எழுதுங்கள்.

ரோமிலிருந்து தெற்கே போகும் பழைய அப்பியன் சாலையில் உள்ள செசிலியா மெட்டல்லா கல்லறைக்கு ஒரே ஆண்டு போதாது. வட்டக் கட்டடம் அகஸ்டஸ் காலத்தை ஒட்டியது. உச்சியில் உள்ள பல்வரிசை மதில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயத்தானி என்ற பிரபுக் குடும்பம் அதைக் கோட்டையாக்கியபோது வந்தது. அதையும் ரோமானியர் வேலை என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறார்கள் பலர்.

கேட்பது ஒரு வரிதான். ஆண்டுக்குப் பக்கத்தில் ‘கல்வெட்டின்படி’, ‘சிற்ப பாணியை வைத்து’, ‘பிற்காலச் சேர்க்கை’ என்று எது பொருந்துமோ அதைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழங்கட்டடம் பார்க்கப் பிடித்த ஒரு வாசகர்