செசி நம்பர் இல்லாத வண்டிக்கும் ஓர் ஓட்டம் தாருங்கள்

நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டிகளை நடத்தும் சங்கங்களுக்கும், அவற்றின் விதிமுறைகளை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருப்பவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: 125 சீசீக்கு உட்பட்ட, கையால் செய்த வண்டிகளுக்கென்று ஒரு திறந்த பிரிவை உங்கள் போட்டிகளில் சேருங்கள். எஞ்சின் கொள்ளளவுக்கு எல்லை போடுங்கள். பாதுகாப்புக்கு எவ்வளவு கடுமையான விதியும் போடுங்கள். செசியை, அதாவது வண்டியின் சட்டகத்தை, எந்தக் கம்பனி செய்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் பொடியன்மாரின் வண்டி அண்மையில் ஒரு போட்டியின் பரிசோதனைக் கூடாரத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டது உங்களில் பலருக்குத் தெரியும். எந்தப் போட்டி, எந்த அதிகாரி என்று எழுதப்போவதில்லை. கையில் கொடுத்திருந்த விதிப்படி அவர் நடந்தார். எனது முறைப்பாடு அந்த விதியைப் பற்றியது.

அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று சொன்னால்தான் விஷயம் விளங்கும். ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குச் சிலிண்டர் படுத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கம்பனிச் செசியின் முதுகு அந்த சிலிண்டர் ஹெட்டுக்கு மேலால் போகிறது. அதனால் கார்பரேட்டரிலிருந்து வரும் காற்று வளைந்து திரும்பித்தான் வால்வுக்குப் போகவேண்டியிருக்கிறது. எங்கள் கராஜில் வெல்டிங் வேலை செய்யும் பொடியன் ஒருநாள் கேட்டான், "பாஸ், இந்த முதுகை எடுத்துப்போட்டா காத்து நேரே இறங்கும்தானே?" கேட்டதோடு நிற்கவில்லை. பழைய இரும்புக் கடையில் எடுத்த குழாய்களை வளைத்து, இரண்டு குழாய் கார்பரேட்டரின் இரு பக்கமாகப் பிரிந்து போய் இருக்கைக்குக் கீழே சேரும்படி ஒரு செசியை முதலிலிருந்து செய்தான். கல்முனையில் ஒரு லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து உள்விட்டத்தைக் கூட்டினோம். உள்வாங்கும் குழாயை அவனே வார்த்தான். வண்டி உயரம் குறைந்தது, பாரம் குறைந்தது, மேல் சுற்றில் எஞ்சின் திணறாமல் இழுத்தது. கம்பனிச் செசியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே முடியாது. யோசனையே அந்தச் செசிதான்.

வண்டியைப் பட்டா லொறியில் ஏற்றி, இரவோடிரவாக ஹபரணை வழியாகக் கொண்டுபோனோம். கூடாரத்தில் தந்த படிவத்தில் தயாரிப்பாளர், மாதிரி, செசி நம்பர் என்று கட்டங்கள் இருந்தன. பொடியன் எஞ்சின் நம்பரை எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டான். அதிகாரி ஹேண்டில் கழுத்துக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தார். அங்கே குத்திய எழுத்து எதுவும் இல்லை. "இதற்குப் பிரிவு இல்லை" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒருவரும் பிரேக்கை அழுத்திப் பார்க்கவில்லை. வெல்டிங் மூட்டுகளில் கை வைக்கவில்லை. ஒயில் வடிக்கும் போல்ட் கழன்று ஓடுபாதையில் ஒயில் கொட்டிவிடக்கூடாது என்று அதைக் கம்பியால் கட்டியிருந்தோம். ஓட்டுபவன் விழுந்தால் எஞ்சின் நிற்கும்படி கையில் மாட்டும் கயிற்றுச் சுவிட்ச் பூட்டியிருந்தோம். குனிந்து பார்க்க ஆளில்லை. பிரேக் பிடிக்கவில்லை, மூட்டு பலவீனம், சத்தம் கூட என்று ஒரு குறையைச் சொல்லியிருந்தால் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு போய்த் திருத்தியிருப்போம். செசியைக் கம்பனி செய்யவில்லை என்பதை எந்த ஸ்பேனரால் திருத்துவது? திரும்பி வரும் வழியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது கட்டாருக்குப் போக முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்திருக்கிறான்.

2024 ஏப்ரலில் தியத்தலாவை ஓட்டப்போட்டியில் ஏழு உயிர்கள் போன பிறகு நீங்கள் பாதுகாப்பில் கண்டிப்பாக இருப்பது நூற்றுக்கு நூறு நியாயம். அந்தக் கண்டிப்பு எங்களுக்கும் வேண்டும். ஆனால் குத்திய நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பது பாதுகாப்புச் சோதனை ஆகாது. கம்பனி நம்பர் உள்ள செசியும் துருப்பிடித்து முறியும்.

சின்ன எஞ்சின் ஓட்டங்களின் வரலாறு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் நினைவூட்டவேண்டியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில், பணத்துக்கும் பொருளுக்கும் தட்டுப்பாடான எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், பொறியியலாளர் வால்டர் காடன் 125 சீசீ எஞ்சினிலிருந்து 1961இல் 25 குதிரைவலு எடுத்தார். லீட்டருக்கு 200 குதிரைவலு என்ற கணக்கு அதற்கு முன் காற்றழுத்தக் கருவி இல்லாத எந்த எஞ்சினும் தொடாதது. வெளியேறும் புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாத கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே நிறுத்திவைக்கும் புகைக்குழாயை அவர் கணக்குப் போட்டுச் செய்தார். அதே 1961இல் அவருடைய ஓட்டக்காரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பிப் போய் அந்த அறிவைச் சுசுகிக்குக் கொடுத்தார். மறுவருடமே 50 சீசீ உலகப் பட்டம் சுசுகிக்கு. 1967இல் அதே சுசுகியின் 50 சீசீ வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 14 கியர்.

செலவு கட்டுமீறிப் போனதால் 1969இல் உலகப் போட்டியில் 50 சீசீக்கு ஒரு சிலிண்டர், ஆறு கியர் என்று எல்லை போட்டார்கள். நான் அந்த எல்லையைக் குறை சொல்லவில்லை. அது சின்ன ஆட்களுக்கும் இடம் விட்டது. நெதர்லாந்தில் யான் தீல் என்பவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து செய்த ஜமாத்தி 50 சீசீ வண்டி 1968இலேயே அந்த நாட்டு அசன் ஓடுபாதையில் வென்றிருந்தது. எல்லை வந்த பிறகும் அவர்கள் கம்பனிகளோடு மல்லுக்கட்டினார்கள். அதே தீல் பின்னாளில் இத்தாலியின் அப்ரிலியா கம்பனிக்குப் போய், 50 குதிரைவலுவைத் தாண்டிய 125 எஞ்சினில் வேலை செய்தார்.

2012இல் உலகப் போட்டியில் 125 சீசீ இரண்டு ஸ்ட்ரோக் பிரிவு போய் மோட்டோ3 என்ற பிரிவு வந்தது. 250 சீசீ, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர், அதன் உள்விட்டம் 81 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. எல்லோருக்கும் ஒரே மின்னணுப் பெட்டி, ஒரே டயர். பிறகு எஞ்சின் நிமிடத்துக்கு 13,500 சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்றும் எல்லை. செலவைக் குறைக்கத்தான் செய்தார்கள், நோக்கத்தில் பிழையில்லை. தொடக்கத்தில் எஃப்டிஆர், சூட்டர், காலெக்ஸ் என்று சின்னச் சின்னச் செசிக்காரர்களும் இருந்தார்கள். நமது பக்கத்து நாட்டு மஹிந்திரா 2016இல் அசனில் பன்யாயா என்ற ஓட்டக்காரரோடு வென்றபோது எங்கள் கராஜில் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினோம். 2017 முடிவோடு மஹிந்திரா போனது. மிஞ்சியவை ஹொண்டா எஞ்சினும் கேடிஎம் எஞ்சினும்தான். செய்து பார்க்கக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டால், செய்து பார்ப்பவன் ஏன் வருவான்?

செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. 2012இல் உலகப் போட்டியின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியிலேயே சின்ன அணிகளின் எஞ்சினை, குறித்த விலையைக் கொடுத்துப் போட்டிக் கம்பனி கேட்டு வாங்கலாம் என்று ஒரு விதி இருந்தது. கியர்பெட்டியோடு 20,000 யூரோ. இங்கே நமது பணத்துக்கு ஏற்ற ஒரு விலையை வையுங்கள். ஓட்டம் முடிந்ததும் அந்த விலைக்கு எவர் கேட்டாலும் எஞ்சினைக் கழற்றிக் கொடுக்கவேண்டும் என்று எழுதுங்கள். பிறகு ஒருவனும் இலட்சக்கணக்கில் கொட்டமாட்டான். மூளையைத்தான் செலவழிப்பான்.

அந்த மூளை இங்கே நிறைய இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் திறந்துவிடும்வரை, இந்த நாட்டின் பழைய மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்தவர்கள் யார்? கடையில் பாகம் இல்லாதபோது புஷ் கடைந்தவர்கள், கியர்ப் பல்லுக்கு உலோகம் ஏற்றி அரைத்தவர்கள், ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு லேத்தோடு இருக்கும் பாஸ்மார். அவர்களுக்கு யார் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பாடம் 2013இல் வந்தது. ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஸ்பெயினில் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே செய்த சின்ன வண்டிகளை மோட்டோஸ்டூடண்ட் போட்டிக்காக அரகோன் ஓடுபாதையில் ஓட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் படித்ததைத் தாளில் எழுதிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வேகத்தில் ஆசை உள்ளவன் காபட் வீதிக்குப் போகிறான். பொலிஸ் பிடித்தால் தண்டப்பணம், பிடிக்காவிட்டால் சில வேளை பெரியாஸ்பத்திரி. பெரிய ஓட்டங்கள் தெற்கிலும் மலைநாட்டிலும் நடக்க, கிழக்கிலிருந்து போகிறவன் லொறி வாடகைக்கே கடன்படுகிறான். இதையெல்லாம் நீங்கள் ஒருவரே சரிசெய்ய முடியாது என்பது தெரியும். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களால் முடிந்தது ஒரு பிரிவைத் திறப்பது. முதல் வருடம் கிண்ணமும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். மற்ற ஓட்டங்களுக்கு இடைவேளையில் சில சுற்று கண்காட்சி ஓட்டமாகவே தாருங்கள். செசி நம்பர் கட்டத்தில் செய்தவனின் பெயரை எழுத விடுங்கள். பரிசோதனைக்கு ஒரு பொறியியலாளரை வையுங்கள். மூட்டுகளுக்கு, சாயம் பூசி வெடிப்பைக் கண்டுபிடிக்கும் நிற ஊடுருவல் சோதனை செய்யுங்கள், அதற்கான கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். தவறிய வண்டியை, எங்களுடையதாகவே இருந்தாலும், ஓடவிடாதீர்கள். தவறியதற்கான காரணத்தை மட்டும் எழுதித் தாருங்கள்.

அடுத்த பருவத்துக்கான விதிமுறைகளை அச்சுக்குக் கொடுக்குமுன் இந்த வேண்டுகோளைக் கூட்டத்தில் எடுத்துப் பேசி, ஆம் என்றோ இல்லை என்றோ பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் வண்டியைப் பார்க்க விரும்பினால் சொன்ன இடத்துக்குக் கொண்டுவருகிறோம். வெல்டிங்கில் சந்தேகம் இருந்தால் எந்த மூட்டையும் அறுத்துப் பாருங்கள், மறுபடி ஒட்டிக்கொள்வோம். பொடியன் பயணம் போவதற்குள் அழைத்தால் அவனும் கூட வருவான்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.