என் உதவியாளர் விருந்தாளி அல்ல: பெருந்தொற்றுக் கால விதிகளை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து எனக்கு மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. என்னைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை மாற்ற உதவியாளர் ஒருவர் தினமும் வருவார். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய மறுநாள் அவர் வரவில்லை. பாதி வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் மருந்துக் கடைக்காரர் இருந்தார், பால்காரர் இருந்தார். அவர் இல்லை.

உணர்வில்லாத உடம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அம்மாவுக்கு அப்போதே 70 வயது. பகலில் எப்படியோ சமாளித்தார், இரவில் முடியவில்லை. ஐந்தாம் நாள் என் இடுப்பெலும்பின் மேல் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்பு. அம்மா அழுத்திப் பார்த்தார், வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் ஆரம்பம் அதுதான். எனக்கு வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். அது ஆற நாலு மாதம் ஆனது.

ஆபத்துக் காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்று 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு சொல்கிறது. இருந்தும், 2020இல் பிரிட்டன் கொண்டுவந்த அவசரச் சட்டம் பராமரிப்புக் கடமைகளைத் தளர்த்திக்கொள்ள உள்ளாட்சிகளுக்கு இடம் கொடுத்தது. சில உள்ளாட்சிகளே அதைப் பயன்படுத்தின, சரி. ஆனால் நெருக்கடி வந்தால் எதில் முதலில் கைவைப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

என் கதை மட்டுமல்ல. கண்ணும் காதும் இல்லாத ஒருவருக்குத் தொடுகைதான் மொழி. 'ஆறடி தள்ளி நில்' என்றால் அவரிடம் யார், எப்படிப் பேசுவது? உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு முகக்கவசம் பேச்சையே மறைத்துவிடுகிறது. விலகி இருப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு என்று எழுதியபோது எங்களை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த தொற்று வருவதற்கு முன்பே உதவியாளர்களை அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் சேருங்கள். முகக்கவசமும் கையுறையும் மருத்துவமனைகளுக்குப் போகும்போதே அவர்களுக்கும் போகட்டும். உதவியாளர் ஒருவர் தொற்றில் படுத்துவிட்டால் அன்றைக்கே மாற்றாள் வர வழி இருக்கட்டும். அப்புறம், நாங்கள் மருத்துவமனையில் சேர்ந்தால் உதவியாளரைப் 'பார்வையாளர்' என்று வாசலில் நிறுத்தாதீர்கள்.

தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். இனி ஒருமுறை அம்மாவால் என்னைப் புரட்ட முடியாது.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர்