பெர்த் பூங்காவில் ஆளுக்கொரு மரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மலரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைப் பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். அங்குள்ள கிங்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவில் ஆற்றைப் பார்க்கலாம், காட்டுப்பூக்களைப் பார்க்கலாம் என்பதோடு முடித்துவிட்டார்கள். அங்கே போர் வீரர்களுக்காக மரம் நட்ட சாலைகள் இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகன் வீட்டில் தங்கும்போதெல்லாம் நான் காலையில் நடப்பது அங்கேதான்.

முதல் உலகப் போரில் இறந்த மேற்கு ஆஸ்திரேலிய வீரர்களுக்காக 1919 ஆகஸ்டில் மே டிரைவ் சாலையில் முதல் கன்றுகளை நட்டார்கள். துருக்கியின் கலிப்பொலியிலும் பிரான்சிலும் மாண்டவர்களின் உடல்கள் ஊருக்கு வரவில்லை. பலருக்குக் கல்லறையே கிடையாது. பெற்றவர்கள் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் ஆளுக்கொரு மரம். மரத்தடியில் சின்னதாக ஒரு பலகை: பெயர், படைப்பிரிவு, இறந்த இடம், தேதி, வயது. வைத்தவர் யார் என்பதும் பல பலகைகளில் இருக்கும். 'அம்மா' என்று இருந்தால் என்னால் சட்டென்று தாண்டிப் போக முடியாது. 1971 போரில் எங்கள் அண்ணன் இறந்தபோது வீட்டுக்கு வந்தது ஒரு தந்தி, அப்புறம் அவருடைய டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். அம்மா கடைசிவரை அந்தப் பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலில் நட்டது இங்கிலாந்து ஓக். பெர்த்தின் மணலும் கோடையும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பட்டது பட்டதுதான் என்று விட்டுவிடாமல், அங்கே தாங்கக்கூடிய யூகலிப்டஸ் வகைகளை அதே சாலையில் வைத்தார்கள். பூங்காவின் மரச் சாலைகளில் இன்று மொத்தம் 1,600 பலகைகளுக்கு மேல் இருக்கின்றன. நட்டதைவிட இந்தப் பராமரிப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க பெர்த் போகும் நம்மவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், நாலு பலகையாவது நின்று படிக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் அவற்றின்மேல் சைக்கிளைச் சாய்த்தால் தடுக்க வேண்டும்.

அடுத்த முறை எழுதும்போது மே டிரைவையும் லவ்கின் டிரைவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இந்த மரச் சாலைகளுக்காக முன்னின்ற ஆர்தர் லவ்கின் உங்களைப் போலப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர்தான்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டி