மணியடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமன்று. வலக்கை மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான், பயப்படாதே. சந்தைக்குப் போய்த் திரும்புகையில், நம் பழைய அடுக்குமாடி புளோக்குக்குப் பின்புறமுள்ள குறுகிய நடைபாதையில், முதுகுக்குப் பின்னால் மிதிவண்டி மணி கேட்டது. மணியடித்தால் ஒதுங்க வேண்டும் என்பது தெரியும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை மணி சொல்வதில்லையே. ஓசை வந்த வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரும்பிய வேகத்தில் காலும் அந்தப் பக்கமே ஓரடி எடுத்து வைத்தது. அவனும் அந்தப் பக்கமாகத்தான் என்னைக் கடக்க எண்ணியிருந்தான்.

உணவு விநியோகம் செய்யும் பையன். இருபது வயதுதான் இருக்கும். வண்டியைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று கலங்கிப்போய் நின்றான். உருண்டோடிய தக்காளிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொடுத்தான். அவனுடைய கைத்தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தபோதும், என் மகள் வந்து சேரும்வரை அவன் அதை எடுக்கவில்லை. மகள் புகார் கொடுக்க வேண்டும் என்றாள். எனக்கு மனம் வரவில்லை.

2018 மே மாதம் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து சிங்கப்பூர் முழுவதும் நடைபாதையில் மிதிவண்டி ஓட்டலாம். நம் தெம்பனிசுக்கு அது அதற்கும் முன்பே பழக்கம். 2007இல் சோதனையாகத் தொடங்கியபோது நீயும் நானும் முணுமுணுத்தது நினைவிருக்கிறதா? நடைபாதை வேக வரம்பை 2019இல் மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். பத்து என்பது காதுக்குச் சிறிய எண்தான். ஆனால் என் நடை மணிக்கு மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. என்னைப் பொறுத்தவரை, சட்டத்தை மீறாமல் வருகிறவனும் மும்மடங்கு வேகத்தில், அதுவும் நான் பார்க்க முடியாத திசையிலிருந்து வருகிறான்.

அந்த ஆண்டுதான் பிடோக் வட்டாரத்தில், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர் மோதி 65 வயது மாது ஒருவர் இறந்தார். அவர் நடந்து போனவர் அல்லர், மிதிவண்டியில் சென்றவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். நவம்பர் 5ஆம் தேதி முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதையில் தடை வந்தது. அவற்றை நம்பிப் பிழைத்த விநியோக ஊழியர்களில் பலர் மிதிவண்டிக்கு மாறினார்கள். என்னை இடித்த பையன் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பான். ஆனாலும் அவன் ஓட்டுவது அந்தத் தடை திறந்துவிட்ட வழியில்தான்.

இனி நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. துணைப்பாட வகுப்புக்கு மிதிவண்டியில்தான் போகிறான். "சாலையில் இறங்காதே, பேருந்து வரும், நடைபாதையிலேயே போ" என்று நாள்தோறும் வாசலில் நின்று சொல்லி அனுப்புகிறவள் நான்தான். யாரோ ஒரு பாட்டியின் முதுகுக்குப் பின்னால் அவனும் மணியடித்துக்கொண்டுதானே போகிறான்? மோட்டார் வண்டிக்கு அஞ்சி மிதிவண்டி நடைபாதையில் ஏறுகிறது, மிதிவண்டிக்கு அஞ்சி நான் புல்லில் இறங்குகிறேன். இடம் கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல் எளியவர்கள் நாங்கள் ஒருவரையொருவர் கடிந்துகொள்கிறோம். தாராளமாக மூன்று தடங்கள் ஓடும் சாலையில் ஒன்றை விட்டுக்கொடு என்று மட்டும் எவரும் உரக்கக் கேட்பதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஜூலை முதல், மிதிவண்டிப் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகளை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். மீறி ஓட்டினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. பெரிய சாலையோரம் இப்போது நிம்மதியாக நடக்கிறேன். மிதிவண்டிப் பாதைகளை 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக்குவதும் திட்டம். ஆனால் புளோக்குகளுக்கு இடையே, நான் விழுந்தது போன்ற ஒற்றைப் பாதைகளில் இரண்டுக்கு எங்கே இடம்?

அப்பா சிராங்கூன் சாலைக் கடைகளின் 'அஞ்சடி'யைப் பற்றிப் பேசுவார், நினைவிருக்கிறதா? வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடப்பதற்காக, இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் விதித்த ஐந்தடி வழி அது. கடைக்காரர்கள் அதில் சரக்கை அடுக்கினார்கள். 1888இல் அகற்ற முயன்றபோது கலவரமே மூண்டது. நடக்கிறவர்களுக்கென்று விட்ட இடத்துக்கு இந்த ஊரில் எப்போதும் வேறொருவர் தேவையோடு வந்து நின்றிருக்கிறார்.

பேரனிடம் ஒரு விதி போட்டிருக்கிறேன்: முதியவர் எதிர்ப்பட்டால் மணியடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வகுப்புக்குத் தாமதமாகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். நீ இருக்கும் மன்னார்குடியில் நடைபாதை என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதில் யார் நடக்கிறார்கள் என்பதை விரிவாக எழுது. கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
உன் சரோஜா